சாட்சி எண் இரண்டு

இரணியல் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் எடுக்கிறேன்.
ஜாமீன் மனு, இறப்புச் சான்று, குடும்ப அட்டை
எல்லாம் மிஷினிலிருந்து
ஒரே சூட்டில்தான் வரும்.

தம்பி வின்சிலாஸின் வழக்கு வாய்தாவில் கிடந்த ஆறாம் வருஷம்
நீதிமன்ற இணையதளத்தில் அவன் எண்ணைத் தட்டினேன்.
கோணல் எழுத்துகளைக் காட்டி
நீ மனுஷியா என்று கேட்டது.
மூன்றாம் தடவைதான் நம்பியது.

சாட்சி வரவில்லை.
நீதிபதி விடுப்பு.
சாட்சி வரவில்லை.
அரசு வழக்கறிஞர் அவகாசம் கோரினார்.
சாட்சி வரவில்லை.
இப்படி இருபத்தொன்பது வரிகள்.
வரிக்கு ஒரு நாள்
பேச்சிப்பாறையில் பால்வெட்டை விட்டு
இரண்டு பஸ் மாறி வந்து
வராந்தாத் தூணில் சாய்ந்து நின்றிருக்கிறான்.

பிறகு பக்கத்து எண்ணைத் தட்டினேன்.
அதற்கும் பக்கத்து எண்ணை.
கூட்டமில்லாத மத்தியானங்களில்
முடிந்த வழக்குகளின் தீர்ப்புகளை இறக்கிக்
கட்டம் கட்டமாய் ஏற்றினேன்:
பதிவான நாள், முடிந்த நாள், பிரிவு,
கைப்பற்றிய பொருள், மகஜர் சாட்சிகள்.
இடவப்பாதி மழையில் கரண்டு போகும்,
பாதிப் பட்டியலும் கூடவே போகும்.
மறுபடி ஏற்றினேன்.

முன்னூற்றுப் பன்னிரண்டு வழக்குகள்.
சாட்சி பெயரை வைத்து வரிசையாக்கு என்றேன்.
'தா' வந்ததும் திரை அங்கேயே நின்றுவிட்டது போல் இருந்தது.
தாசையன், த/பெ ஞானமுத்து, சுமை தூக்குபவர்.
தாசையன். தாசையன். உருட்ட உருட்டத்
தாசையன்.
நாற்பத்தேழு தரம்.

முட்டத்துப் பாறை மறைவில் சாராயக் கேனைப் பார்த்திருக்கிறார்.
அதே நாள் அதே பத்தரை மணிக்குத்
திங்கள்நகரில் கத்தி எடுத்தபோதும் பக்கத்தில் நின்றிருக்கிறார்.
முப்பத்தெட்டு வழக்கில்
கூண்டேறிக் கையெழுத்து மட்டும் என்னுடையது என்று
பிறழ்ந்திருக்கிறார்.
மிச்சம் ஒன்பதில் ஒன்பது பேருக்குத் தண்டனை.

குமரேசபிள்ளை வக்கீலிடம் காட்டினேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிச் சிரித்தார்.
"இது இங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், பிள்ளே."
எல்லாருக்கும் தெரியும்.
எண்ணினவர் யார் என்று கேட்டேன்.
தாளைத் திருப்பித் தந்தார், மடித்து.

சந்தையில் தேடிப் பிடித்தேன்.
ஏத்தன் குலையை இறக்கிக்கொண்டிருந்தார்,
தலைச் சும்மாடு கழுத்துவரை ஈரம்.
"ஸ்டேஷன் முன்னால நிண்ணா கூப்பிடுவினும்.
சாயா தருவினும்.
ஒப்பு போடச் சொல்லுவினும்."
வாசித்துப் பார்ப்பீர்களா?
"எனக்கு எழுத்து தெரியாது. ஒப்பு தெரியும்."
கொஞ்சம் கழித்து, "எத்தற தடவ?"
சொன்னேன்.
தோளில் இருந்த குலையை
இறக்க மறந்து நின்றார்.

அவரைத் திட்ட ஆறு வருஷமாய்ச் சேர்த்த சொற்கள் இருந்தன.
தம்பி வழக்கிலும் அரசு தரப்புச் சாட்சி எண் இரண்டு
அவர்தான்.
வராத அந்தச் சாட்சி.

சாயங்காலம் கடைக்கு வந்தார்.
இரண்டு பக்கத்துக்கு நாலு ரூபாயை
மேஜையில் எண்ணி வைத்துவிட்டுச் சொன்னார்:
"இன்னொரு கட்டம் போடு.
நான் அங்க நிண்ணேனா, இல்லியாண்ணு."

இடத்தையும் பொருளையும் நான் வாசிக்க
அவர் சொல்லிக்கொண்டு வந்தார்.
இல்ல.
இல்ல.
அது எங்கயிருக்குண்ணே தெரியாது. இல்ல.
கோர்ட் கேட்டைப் பூட்டும் சத்தம் கேட்டது.
தண்டனை ஆன ஒன்பதில்
ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை வாசிக்கச் சொன்னார்.
அவற்றுக்கும் இல்லதான்,
குரல் மட்டும் இறங்கிப் போயிற்று.

முப்பத்தோராம் வரி.
லாரிப் பட்டறை வாசல், இரும்புக் கம்பி, ஒரு கொலை.
கையைக் காட்டி நிறுத்தினார்.
"இதுல நிண்ணேன்.
ரெண்டு கண்ணால கண்டேன், பிள்ளே.
கூண்டுல ஏறி ஒண்ணு விடாம பறஞ்சேன்."

முடிவு என்ற கட்டத்தை வாசித்தேன்:
பல வழக்குகளில் சாட்சியானவர்,
இவர் சொல்லை நம்ப இயலாது.
விடுதலை.

ஆம் என்று தட்டினேன்.
நாற்பத்தேழு வரியில் அந்த ஒரு கட்டம்.
அடுத்ததை வாசிக்கச் சொல்வார் என்று காத்திருந்தேன்.
அவர் வின்சிலாஸின் அடுத்த வாய்தா
என்றைக்கு என்று கேட்டார்.